எலியைப் பழக்கக் கற்றுக்கொள்வது எப்படி: முதலில் திரையில், பிறகு கூண்டில்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்தப் 'பொருத்துக' தூக்கத்தில் கேட்டாலும் வரும்: பாவ்லவ் – நாய், தார்ண்டைக் – பூனை, கோலர் – குரங்கு, ஸ்கின்னர் – எலி. கோடு போட்டு இணைத்தால் மதிப்பெண். அந்த எலி என்னதான் செய்தது என்று கேட்டால், "லீவரை அழுத்தியது, சாப்பாடு வந்தது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. கனடாவில் உளவியல் படிக்கப் போன இடத்தில், இரண்டாம் ஆண்டில், ஒரு வெள்ளை எலியைக் கையில் கொடுத்து "இந்தப் பருவம் முடிவதற்குள் இதை லீவர் அழுத்த வை" என்றார்கள். சொன்னால் புரியாது, கெஞ்சினால் கேட்காது, பகலெல்லாம் தூங்கப் பார்க்கும். ஊரில் மனப்பாடம் செய்த ஒரு வரியும் உதவிக்கு வரவில்லை.

பிறகு அதே ஆய்வகத்தில் அடுத்தடுத்த மாணவர்களுக்கு உதவியாளராக இருந்தேன். சிலர் நிஜ எலியோடு வருவார்கள், சிலர் கணினித் திரையில் ஓடும் எலியோடு. இரண்டிலும் எங்கே சறுக்குவார்கள் என்பது இப்போது எனக்கு அத்துபடி. வாய்ப்புக் கிடைத்தால் திரை எலியில் தொடங்கி நிஜ எலிக்குப் போங்கள். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் விஷயம் என்ன?

பாடநூலில் 'செயல்படு ஆக்கநிலையிறுத்தல்' என்று இருக்கும். ஆய்வகத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதால் ஆபரன்ட் கண்டிஷனிங் என்றே எழுதுகிறேன். ஒரு செயலைச் செய்ததும் என்ன கிடைக்கிறதோ அதைப் பொறுத்து அந்தச் செயல் கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான் விஷயம். செயலைக் கூட்டுவதற்கு 'வலுவூட்டல்' என்ற சொல் மட்டும் நன்றாகவே பொருந்துகிறது, அதை வைத்துக்கொள்வோம்.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் அளந்தது. பசித்த பூனையை மரப்பெட்டிக்குள் அடைத்தார். உள்ளே கயிற்றை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும், வெளியே மீன் இருக்கும். திரும்பத் திரும்ப அடைக்க அடைக்க, பூனை வெளியேற எடுக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. இந்த முறையில் ஒரு தொல்லை: ஒவ்வொரு முறையும் பூனையைப் பிடித்து மறுபடி உள்ளே போட வேண்டும். பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் கட்டிய பெட்டியில் எலி உள்ளேயே இருக்கும். லீவரை எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். அதனால் 'எவ்வளவு நேரம் எடுத்தது' என்ற கேள்வி போய், 'நிமிடத்துக்கு எத்தனை முறை அழுத்துகிறது' என்ற கேள்வி வந்தது. இந்தப் பாடத்தில் நீங்கள் பார்க்கப்போகும் எல்லா வரைபடமும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

மாணவர்களே எலியைப் பழக்கிப் பார்க்க வேண்டும் என்பதை இளங்கலைப் பாடத்திட்டத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃப்ரெட் கெல்லரும் வில்லியம் ஷோன்ஃபெல்டும். 1940களின் பிற்பகுதியில். அந்த மாணவர்களின் நகைச்சுவை இதழில் வந்த ஒரு கேலிச்சித்திரம் இன்றும் வகுப்புகளில் சுற்றுகிறது: கூண்டுக்குள் இருக்கும் எலி பக்கத்து எலியிடம், தான் லீவரை அழுத்தும்போதெல்லாம் இந்த ஆள் சாப்பாடு போடும்படி பழக்கிவிட்டேன் என்று பெருமையடித்துக்கொள்கிறது. முதல் வாரம் சிரிப்பு வரும். மூன்றாவது வாரம் அது உண்மை என்று தெரியும்.

திரை எலி

ரொம்பப் பேர் பயன்படுத்துவது ஸ்னிஃபி. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் அலோவே, கிரெக் வில்சன், ஜெஃப் கிரஹாம் ஆகியோர் உருவாக்கிய மென்பொருள். எலி வைத்துப் பராமரிக்க இடமும் பணமும் இல்லாத கல்லூரிகளுக்கு அது வழி திறந்துவிட்டது. சைபர்ராட் என்று இன்னொன்று உண்டு. ஃபுளோரிடாவின் ரோலின்ஸ் கல்லூரியில் இருந்த ரோஜர் ரே செய்தது. அதில் நிஜ எலிகளின் வீடியோத் துண்டுகளையே தொடுத்துக் காட்டுவார்கள். எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். வேலை ஒன்றுதான்.

திறந்தவுடன் எதையும் அழுத்தாதீர்கள். பத்து நிமிடம் சும்மா பாருங்கள். எலி உலாவும், மோப்பம் பிடிக்கும், பின்னங்காலில் நிமிரும், முகம் துடைக்கும், உடம்பைச் சொறியும். நடுவில் தற்செயலாக லீவரிலும் கை படும். அதை எண்ணி எழுதிவையுங்கள். பழக்குவதற்கு முந்தைய இந்த எண்ணிக்கை இல்லாவிட்டால், பின்னால் நீங்கள் சாதித்ததாக நினைப்பது சாதனைதானா என்று சொல்லவே முடியாது. மாணவர்கள் தவறாமல் தாண்டிப்போகும் படி இது. அறிக்கை எழுதும் இரவில்தான் நினைவுக்கு வரும்.

அடுத்து மேகசின் பயிற்சி. உணவு விழும் சாதனத்துக்கு ஆய்வக வழக்கில் மேகசின் என்று பெயர். அது உணவை விடும்போது ஒரு சத்தம் வரும். 'அந்தச் சத்தம் கேட்டால் தட்டில் சாப்பாடு இருக்கும்' என்று எலி கற்றுக்கொள்ள வேண்டும். எலி தட்டுக்கு அருகே வரும்போது உணவை விடுங்கள். போகப்போக சற்றுத் தள்ளியிருக்கும்போது விடுங்கள். ஸ்னிஃபியில் பக்கத்திலேயே ஒரு சிறு சாளரம் இருக்கும். சத்தத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு வலுப்பட்டிருக்கிறது என்று அதில் ஒரு பட்டை ஏறிக்கொண்டே போகும். அது நன்றாக உயரும்வரை லீவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இந்தப் பட்டைக்காகத்தான் திரை எலியில் தொடங்கச் சொன்னேன். நிஜ எலியின் மண்டையில் பட்டை கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு நிஜ எலியின் உடம்பை வைத்து அதை ஊகிக்கப் பழகலாம்.

இன்னொரு காரணம், திரையில் தப்புச் செய்யலாம். கோப்பைச் சேமித்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே தாமதமாக உணவு போட்டுப் பாருங்கள். வேண்டுமென்றே அவசரப்பட்டுப் பாருங்கள். எலி கெட்டுப்போனால் பழைய கோப்பைத் திறந்தால் போதும். நிஜ எலிக்கு 'அண்டூ' இல்லை.

பதிவுக்கோட்டைப் படிப்பது

திரையில் இன்னொரு சாளரத்தில் க்யூமுலேட்டிவ் ரெக்கார்டர் ஓடும். ஸ்கின்னர் காலத்தில் இது நிஜக் கருவி. காகிதச் சுருள் சீரான வேகத்தில் நகரும். எலி ஒருமுறை அழுத்தினால் பேனா ஒரு படி மேலே ஏறும். அழுத்தாவிட்டால் பேனா அதே உயரத்தில் கிடையாகக் கோடு இழுக்கும். கோடு ஒருபோதும் கீழே இறங்காது. உச்சியைத் தொட்டதும் கருவி மறுபடி அடியிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். கோடு செங்குத்தாக இருந்தால் எலி வேகமாக அழுத்துகிறது. சாய்வாக இருந்தால் மெதுவாக. படுத்துக் கிடந்தால் அழுத்தவே இல்லை. உணவு விழுந்த இடங்களில் குறுக்கே ஒரு சிறு கீற்று இருக்கும்.

'கோடு மேலே போகிறது, அதனால் எலி நன்றாகக் கற்கிறது' என்று எழுதும் மாணவர் வருடா வருடம் ஒருவராவது உண்டு. எந்தக் கோடும் மேலேதான் போகும். சாய்வைப் பாருங்கள்.

நிஜ எலி: கூண்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கல்லூரியில் என்றால் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதல் வேலை. இந்தியாவிலும் கல்லூரி அளவிலான நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் இத்தகைய ஆய்வக வேலையைத் தொடங்கக்கூடாது. இதைக் காகித வேலை என்று அலுத்துக்கொள்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பசியோடு வைக்கப்படும் உயிர் அது.

பசி விஷயத்துக்கு வருவோம். பழைய நடைமுறை, எலி தாராளமாகத் தின்னும்போது இருக்கும் எடையில் 85 சதவீதத்துக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்துவது. சில நாட்கள் தொடர்ந்து எடை பார்த்து சராசரியைக் கண்டுபிடித்து, பிறகு தீவனத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். திடீரென்று பட்டினி போடுவதல்ல. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வளரும் வயது எலி என்றால் இலக்கு எடையையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப்படி சரியாக இருந்துகொண்டே எலி மெலியும். மாணவர் பயிற்சிக்கு 90 சதவீதமே தாராளமாகப் போதும் என்பது என் அனுபவம். சர்க்கரை சேர்த்த உருண்டை கொடுத்தால் பசியை இன்னும் குறைவாக நம்பலாம்.

பிறகு கைப்பழக்கம். ஒரு வாரம், தினம் ஐந்து முதல் பத்து நிமிடம். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு கையையும் அடியில் கொடுத்து அள்ளுங்கள். மார்போடு அணைத்து வைத்திருங்கள். முதல் நாள் உங்கள் கையில் சிறுநீர் விடும், புழுக்கை போடும், அது பயம். மூன்றாம் நாள் சட்டைக் கைக்குள் நுழையப் பார்க்கும். அது நல்ல செய்தி. சாப்பிட்ட கையோடு, வாசனைத் திரவியம் பூசிய கையோடு போகாதீர்கள். எலிக்கு மூக்குதான் உலகம். வெள்ளை எலிக்குக் கண்பார்வை சுமார் என்பதால் நீங்கள் யார் என்பதை உங்கள் வாசனைதான் சொல்லும். பகலில் தூங்கும் பிராணி என்பதால் பல ஆய்வகங்களில் வெளிச்ச நேரத்தைத் தலைகீழாக மாற்றி வைப்பார்கள், நமக்குப் பகலாக இருக்கும்போது அதற்கு இரவாக. எங்கள் ஆய்வகத்தில் அந்த வசதி இல்லை. காலை ஒன்பது மணி வகுப்பில் என் எலி கொட்டாவி விட்டது. நானும்தான்.

கைப்பழக்கத்தில் மிச்சம் பிடிக்க நினைத்த எவருக்கும் பின்னால் நேரம் மிச்சமானதில்லை. பயந்த எலி கூண்டின் மூலையில் உறைந்து நிற்கும். உறைந்து நிற்கும் எலியிடம் வலுவூட்டுவதற்கு எந்தச் செயலும் இருக்காது.

கூண்டுக்குள்

பழக்குவதற்கு முந்தைய எண்ணிக்கைக்கு அரை மணி நேரம் சும்மா விடுங்கள். அப்புறம் மேகசின் பயிற்சி. உருண்டை ஒவ்வொன்றும் 45 மில்லிகிராம்தான், ஏறக்குறைய மிளகு அளவு. அதனால் ஒரே அமர்வில் ஐம்பது அறுபது போட்டாலும் வயிறு நிரம்பாது. முதலில் தட்டில் நாலைந்து உருண்டை வைத்துவிடுங்கள். எலி கண்டுபிடித்துத் தின்றதும் ஒவ்வொன்றாக விடத் தொடங்குங்கள். எலி ஒரே இடத்தில், ஒரே நிலையில் இருக்கும்போது மட்டும் உணவு போடாதீர்கள். அப்படிச் செய்தால் நீங்கள் நினைக்காத ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுவீர்கள்.

இதை ஸ்கின்னரே 1948இல் காட்டினார். எட்டுப் புறாக்கள். அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒருமுறை தீனி வரும். எட்டில் ஆறு, ஆளுக்கொரு விநோதச் சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வட்டமடித்தது, ஒன்று கூண்டின் மேல்மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, ஆனால் இங்கே அந்தக் காக்கை அடுத்த பழத்துக்காகத் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பார்க்கிறது.

மேகசின் பயிற்சி முடிந்ததா என்பதற்கு ஒரே சோதனை: எலி கூண்டின் எதிர் மூலையில் முகம் திருப்பி நிற்கும்போது ஒரு உருண்டை விடுங்கள். சத்தம் கேட்டதும் நேராகத் தட்டுக்கு ஓடிவந்தால் முடிந்தது. தயங்கினால், காதை மட்டும் அசைத்தால், இன்னும் பத்து உருண்டை.

ஷேப்பிங்: எல்லாம் இங்கேதான்

லீவர் அழுத்தும்வரை காத்திருந்தால் பருவம் முடிந்துவிடும். அதனால் அழுத்துவதற்கு முந்தைய, அதற்கு முந்தைய அசைவுகளுக்கு உணவு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவர வேண்டும். இதற்குத்தான் ஷேப்பிங் என்று பெயர். என் குறிப்பேட்டில் இருந்த வரிசை: லீவர் பக்கம் தலை திருப்புதல். அந்தப் பக்கம் ஓர் அடி. லீவர் இருக்கும் பாதிக்குள் வருதல். லீவரை மோப்பம் பிடித்தல். லீவருக்கு மேலே சுவரில் முன்னங்கால் ஊன்றுதல். லீவரைத் தொடுதல். அழுத்துதல்.

காகிதத்தில் ஏழு படி. கூண்டில் நடந்தது வேறு. என் எலி பின்மூலையில் உட்கார்ந்து முன்னங்கால்களை நக்கி, மூக்கிலிருந்து காதுவரை தேய்த்துத் தேய்த்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. என் விரல் உணவு விடும் பொத்தான் மேல். நாலு நிமிடம். கழுவி முடித்துத் தலையைத் தூக்கியது, லீவர் பக்கம் லேசாகத் திரும்பியது. அழுத்தினேன். 'டக்'. ஓடிவந்து தின்றது. தட்டைச் சுற்றி மோந்தது. மறுபடி திரும்பியது. 'டக்'. இருபது நிமிடத்தில் லீவருக்கு மூக்கைக் கொண்டுவந்துவிட்டேன். பெருமை தாங்கவில்லை.

அதன்பின் கதை மாறியது. எலி லீவரை மோந்துவிட்டு இடப்பக்கம் திரும்பும். நான் ஒவ்வொரு முறையும் அரை விநாடி, ஒரு விநாடி தாமதம். மூக்கு லீவரில் இருக்கும்போது வர வேண்டிய 'டக்', உடம்பு திரும்பும்போது வந்தது. ஐந்தாறு முறை அப்படி ஆனதும் எலி மோப்பத்தை விட்டுவிட்டது. லீவருக்கு முன்னால் வந்து நின்று, இடப்பக்கமாக ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பம்பரம் மாதிரி. எலிக்குப் புத்தியில்லை, வேறு எலி மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். ஆய்வகப் பொறுப்பாளர் இரண்டு நிமிடம் பின்னால் நின்று பார்த்தார். எலியை அல்ல, என் விரலை. "எலி சரியாகத்தான் செய்கிறது. நீ எதற்குக் கூலி கொடுத்தாயோ அதைச் செய்கிறது" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இருக்கும் ஒரே விதி இது. எலி தப்பான ஒன்றைச் செய்கிறது என்று தோன்றினால், கடைசி பத்து உருண்டைகள் எந்த நொடியில் விழுந்தன என்று பாருங்கள். விடை அங்கேதான் கிடக்கும்.

சில கைப்பக்குவங்கள்.

அசைவு முடிந்தபின் அழுத்தினால் தாமதம். அசைவு தொடங்கும்போதே அழுத்தப் பழகுங்கள். ஒருவர் மேசையில் பேனாவால் ஒழுங்கில்லாமல் தட்ட, இன்னொருவர் அதே நொடியில் பொத்தான் அழுத்திப் பார்க்கும் விளையாட்டை எலி வருவதற்கு முன்பே ஆடுங்கள். திரை எலியிலும் இதைப் பழகலாம்.

ஒரு படியில் மூன்று நாலு முறைக்கு மேல் நிற்காதீர்கள். தலை திருப்பியதற்கே பதினைந்து உருண்டை கொடுத்தால், எலி தலை திருப்புவதிலேயே குடித்தனம் போட்டுவிடும். அதேபோல் ஒரேயடியாக உயர்த்தவும் கூடாது. இரண்டு நிமிடம் ஒன்றும் கிடைக்காவிட்டால் எலி ஆர்வம் இழந்து முகம் கழுவப் போய்விடும். அப்போது கூச்சப்படாமல் ஒரு படி கீழே இறங்குங்கள்.

அமர்வை நல்ல இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இழுத்தால் எலி நிறைந்துபோன வயிற்றோடு படுத்துவிடும்.

முதல் முறை தானாக லீவரை அழுத்திய நொடியில் பெரும்பாலும் எலியே திடுக்கிடும். 'டக்' என்ற சத்தம் தன் கைக்குக் கீழிருந்து வந்த மாதிரி இருக்கும். தின்றுவிட்டு வந்து லீவரைச் சுற்றிப் பார்க்கும். இரண்டாவது அழுத்தம் வர ஐந்து நிமிடம் ஆகலாம். மூன்றாவதும் நாலாவதும் வந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். இனி எலிக்கும் லீவருக்கும் இடையே உங்களுக்கு வேலையில்லை. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் உணவு என்ற நிலையில் ஐம்பது நூறு முறை ஓடட்டும்.

எப்போதும் கொடுக்காமல் இருப்பது

ஸ்கின்னர் ஆரம்ப காலத்தில் உணவு உருண்டைகளைத் தானே கையால் அச்சிட்டுத் தயாரித்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல் கையிருப்பைப் பார்த்தால் திங்கள் காலைவரை தாங்காது. உட்கார்ந்து உருண்டை பிடிக்க மனமில்லை. எல்லா அழுத்தத்துக்கும் கொடுக்காமல், நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன என்று யோசித்தார். எலி அழுத்துவதை நிறுத்தவில்லை, சீராக அழுத்திக்கொண்டே இருந்தது. இந்தச் சோம்பலில் தொடங்கியதை சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து பெரிய ஆராய்ச்சியாக்கி 1957இல் தனி நூலாகவே வெளியிட்டார்.

இப்படி விட்டுவிட்டுக் கொடுப்பதில் நாலு வகைதான் நீங்கள் செய்துபார்க்க வேண்டியவை. நிலை விகிதம் என்றால் இத்தனை அழுத்தத்துக்கு ஒன்று: எலி மடமடவென்று அழுத்தும், தின்றதும் சற்று ஓய்வெடுக்கும், பிறகு மறுபடி மடமட. பதிவுக்கோடு மாடிப்படி மாதிரி வரும். மாறு விகிதம் என்றால் சராசரியாக இத்தனைக்கு ஒன்று, எப்போது என்று தெரியாது: ஓய்வே இல்லாமல் செங்குத்துக் கோடு. லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கோட்டை விளக்க வேண்டியதில்லை. நிலை இடைவெளி என்றால் இத்தனை விநாடி கழிந்தபின் வரும் முதல் அழுத்தத்துக்கு: உணவு கிடைத்ததும் எலி சும்மா இருக்கும், நேரம் நெருங்க நெருங்க வேகமெடுக்கும், கோடு அலையலையாக வளையும். பரீட்சைத் தேதி நெருங்கும்போது நாம் படிக்கிற மாதிரி. மாறு இடைவெளியில் நிதானமான, நேரான கோடு.

ஓர் அழுத்தத்துக்கு ஓர் உருண்டை என்பதிலிருந்து நேராக இருபது அழுத்தத்துக்குத் தாவாதீர்கள். இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பத்து என்று ஏற்றுங்கள். அவசரப்பட்டால் எலி அழுத்துவதையே விட்டுவிடும், நீங்கள் மறுபடி பழைய இடத்துக்கு வர வேண்டியிருக்கும். இந்தப் பகுதிக்கு மணிக்கணக்கில் ஓட்டம் வேண்டும். திரை எலியில் நேரத்தை வேகப்படுத்தும் வசதி இருப்பதால் நாலு வகையையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். நிஜ எலியில் ஒரு வகையை மட்டும் எடுத்து ஒழுங்காகச் செய்யுங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்

இதுவும் விபத்தில் கிடைத்ததுதான். ஸ்கின்னர் இல்லாத நேரத்தில் உணவு விடும் கருவி சிக்கிக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் காகிதத்தில் ஓர் அழகான வளைவு. உணவு வராதபோது அழுத்துதல் எப்படித் தேய்ந்து மறைகிறது என்பதன் முதல் பதிவு.

ஆனால் அது தேய்வதற்கு முன் பொங்கும். உணவை நிறுத்திய முதல் சில நிமிடங்களில் எலி முன்னைவிட வேகமாக, பலமாக அழுத்தும். லீவரைக் கடிக்கும். தட்டுக்கு ஓடி, திரும்பி வந்து, இரண்டு கையாலும் அழுத்தும். காசு போட்டும் காபி தராத இயந்திரத்தை நாம் என்ன செய்வோமோ அதெல்லாம் செய்யும். இந்த நேரத்தில் மனம் இரங்கி ஓர் உருண்டை போட்டால் போயிற்று: வெறித்தனமாக அழுத்தினால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். கடையில் மிட்டாய்க்கு அழும் குழந்தைக்குப் பத்தாவது நிமிடத்தில் வாங்கிக்கொடுப்பதும் இதே கணக்குத்தான்.

மறுநாள் அதே கூண்டில் விட்டால், மறந்துவிட்டது என்று நினைத்த எலி மறுபடி அழுத்தத் தொடங்கும். பயப்பட வேண்டாம், உங்கள் கருவி சரியாகத்தான் இருக்கிறது. இந்த மீட்சி முந்தைய நாளைவிடச் சிறியதாக, சீக்கிரம் அடங்குவதாக இருக்கும். மாறு விகிதத்தில் பழகிய எலி என்றால் அடங்குவதற்கு ரொம்ப நேரம் எடுக்கும்.

அடியாத மாடு?

"அடித்தால் சீக்கிரம் நிறுத்தாதா?" என்று எந்த வகுப்பிலும் ஒருவர் கேட்பார். ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கும் விடை உண்டு. உணவு நிறுத்தப்பட்ட எலிகளில் சிலவற்றுக்கு, முதல் சில நிமிடங்களில் அழுத்தும்போதெல்லாம் லீவரே திருப்பி அறைந்தது. அவை உடனே அடங்கின. அறை நின்றதும் மெல்லத் தொடங்கி, முடிவில் அறை வாங்காத எலிகள் எத்தனை முறை அழுத்தினவோ கிட்டத்தட்ட அத்தனையையும் அழுத்தித் தீர்த்தன. பின்னால் வந்தவர்கள் கடுமையான தண்டனையின் விளைவு இதைவிட நீடிக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் 'அடியாத மாடு படியாது' என்பவர்களிடம் காட்ட இந்த வரைபடம் நல்லது. தண்டனையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் திரை எலியில் பாருங்கள். நிஜ எலியிடம் வேண்டாம்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக ஒன்று: எதிர் வலுவூட்டல் என்பது தண்டனை அல்ல. கார் 'பீப் பீப்' என்று கத்துகிறது, சீட் பெல்ட் போட்டதும் நிற்கிறது. தொல்லை நீங்கியதால் பெல்ட் போடும் பழக்கம் கூடுகிறது. செயல் கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. 'எதிர்' என்பது ஏதோ ஒன்று எடுக்கப்பட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

விளக்கும் கோலிக்குண்டும்

இங்கிருந்து இரண்டு வழி. ஒன்று, விளக்கு எரியும்போது அழுத்தினால் உணவு, அணைந்திருக்கும்போது இல்லை. எலி விளக்கைப் பார்த்து வேலை செய்யக் கற்கும். இன்னொன்று, பல செயல்களைச் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது. 1937இல் ஸ்கின்னர் பழக்கிய பிளினி என்ற எலி, கயிற்றை இழுத்து ஒரு கோலிக்குண்டை விழவைத்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய், ஒரு குழாய்க்குள் போட்டு உணவு வாங்கிக்கொண்டது. பத்திரிகையில் படமெல்லாம் வந்தது. பல செயல் கோத்த இம்மாதிரி வரிசையைக் கற்றுத்தர எளிய வழி கடைசியிலிருந்து பின்னோக்கிப் போவது: குண்டைக் குழாய்க்குள் தள்ளுவது முதலில், அதைத் தூக்கி வருவது பிறகு, கயிற்றை இழுப்பது கடைசியில். புதிதாகக் கற்பது எப்போதும் ஏற்கெனவே தெரிந்ததில் போய் முடிய வேண்டும்.

திரை எலி எங்கே கைவிடும் என்பதும் இங்கே தெரியவரும். ஸ்னிஃபியைக் கெஞ்ச வைக்கலாம், முகம் துடைக்க வைக்கலாம், ஆனால் அதன் நிரலில் இல்லாத ஓர் அசைவை அது ஒருநாளும் உங்களுக்குத் தராது. நிஜப் பிராணி தரும், கேட்காமலும் தரும். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரெலாண்டும் மரியன் பிரெலாண்டும் விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள். அவர்கள் ஒரு ராக்கூனுக்கு நாணயத்தை உண்டியலில் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாணயம்வரை சரி. இரண்டைக் கொடுத்ததும் போடாமல், இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தது. நீரில் இரையைக் கையால் தேய்த்துத் தடவும் பிராணி அது. பன்றி மரக்காசை மூக்கால் நிலத்தில் முட்டித் தள்ளி விளையாடப் போய்விட்டது. கூலி சரியாக இருந்தும் இயல்பு குறுக்கே வந்தது. 1961இல் அவர்கள் இதை எழுதியபோது துறைக்குள் கொஞ்சம் சங்கடம்தான்.

ஆய்வகம் இல்லாதவர்களுக்கு

வளர்ப்பு எலி வைத்திருந்தால் பெட்டியும் லீவரும் இல்லாமலே இதில் முக்கால்வாசியைச் செய்யலாம். பட்டினி வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் போதும். மேகசின் சத்தத்துக்குப் பதில் பொத்தான் வைத்த பால்பாயிண்ட் பேனா. 'டிக்' என்றதும் ஒரு பொரி. பத்து இருபது முறை. பிறகு மேசையில் கவிழ்த்து வைத்த தயிர்க் கிண்ணத்தை மூக்கால் தொடவைப்பதில் தொடங்குங்கள். பொரியைப் பாதியாகக் கிள்ளிக் கொடுங்கள். முழுப் பொரி என்றால் எலி அதைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய் நிதானமாகத் தின்னும், உங்கள் பாடம் அதுவரை நிற்கும்.

பக்கத்தில் ஒரு நோட்டு. நேரம், எத்தனை பொரி, எந்தப் படி, எங்கே சிக்கியது. என்னுடைய பழைய நோட்டில் இரண்டாவது அமர்வுக்கு எதிரே இப்படி இருக்கிறது: "இடப்பக்கம் சுற்றுகிறது. காரணம் நான்." அந்தச் சுற்றலை மறக்கடிக்க அடுத்து ஒன்றரை அமர்வு ஆனது.